கழற்றிக் கழுவும் சங்கிலி

சங்கிலி என்ற சொல் காதில் விழுந்ததும், உடைத்தெறியப்பட வேண்டிய பொருளொன்றே இவ்விதழின் வாசகர்களிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. எமது பழைய இலக்கியத்திலும் அதற்குப் பெரும்பாலும் அப்பொருளே உண்டு. புறநானூற்றின் 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேர மன்னன் தன் நிலையைச் சங்கிலியாற் கட்டப்பட்ட நாயின் நிலையோடு ஒப்பிட்டு மனம் நொந்து பேசுகிறான். ஆங்குச் சங்கிலியைக் குறிக்கும் சொல் 'தொடர்' என்பதாகும். அதே சொல்லே சொல்லோடு சொல் சேர்வதற்கும் பெயராயிற்று. 'தளை' என்பதும் அவ்வாறே. காலில் மாட்டப்படின் அது விலங்கு. யாப்பில் வந்துவிடின் சீரோடு சீரை இணைக்கும் உறுப்பு. பிணிப்பதும் சங்கிலி, இணைப்பதும் சங்கிலி என்பதைத் தமிழ்மொழி நெடுங்காலமாகவே அறிந்துவைத்திருக்கிறது.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது உடைக்க வேண்டிய சங்கிலியை அன்று. கழற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டவேண்டிய சைக்கிள் சங்கிலியையே எடுத்துக்கொண்டோம். சமூகத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசும் ஏட்டில் இதற்கும் இடமுண்டா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். சைக்கிளில் ஏறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் நாம். அப்பிள்ளைகளை எம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் பொருளைப் பற்றி ஒரு தடவையேனும் பேசாதிருப்பதே வியப்பிற்குரியது.

முதலில் அப்பொருளைச் சற்று உற்றுநோக்குவோம். தூரத்தில் ஒரே கறுத்த கோடாகத் தோன்றும் சைக்கிள் சங்கிலி, கையில் எடுத்துப் பார்க்கும்போது பல நூறு உறுப்புகள் கூடி வாழும் குடியிருப்பாகத் தெரியும். அதில் இருவகைக் கண்ணிகள் மாறிமாறி வருகின்றன. உட்கண்ணியில் இரண்டு தகடுகளும், அவற்றை இணைக்கும் இரண்டு சிறு குழாய்களும், அக்குழாய்களின்மேல் உருளும் இரண்டு உருளைகளும் உண்டு. வெளிக்கண்ணியில் இரண்டு தகடுகளும் இரண்டு ஆணிகளும் உண்டு. ஆக, ஒரு சோடிக் கண்ணியில் 10 உறுப்புகள். சாதாரண சைக்கிளொன்றின் சங்கிலியில் ஏறக்குறைய 112 கண்ணிகள், அதாவது 56 சோடிகள் இருக்கும். கணக்குப் பார்த்தால் 560 உறுப்புகள். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ள தூரம் சரியாக அரை அங்குலம். உலகின் எப்பகுதியில் எத்தொழிலாளி செய்த சங்கிலியாயினும் இந்த அரை அங்குலம் மாறுவதில்லை. அதனாலேயே ஒரு நாட்டிற் செய்த சங்கிலி பிறிதொரு நாட்டிற் செய்த பற்சில்லில் ஏறி ஓடுகிறது.

இவ்வமைப்பின் பிறப்பிடம் இங்கிலாந்தின் நெசவாலைப் பிரதேசமாகும். சுவிற்சர்லாந்தில் 1852இல் பிறந்து மான்செஸ்டருக்கு வந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர், நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த சிறு தொழிலகம் ஒன்றை 1879இல் சோல்போட் நகரில் விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டிலேயே, குழாயும் உருளையும் கொண்ட இச்சங்கிலியை அவர் உருவாக்கினார். அதற்கு முன்னர் சைக்கிளோட்டம் வசதிபடைத்த இளைஞரின் வீரவிளையாட்டாகவே இருந்தது. மிதி நேரே முன்சில்லோடு பொருத்தப்பட்டிருந்தமையால், வேகம் வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஐந்தடி உயரச் சில்லின்மேல் ஏறியிருந்து விழுந்து எழும்ப எல்லாராலும் இயலாதல்லவா? சங்கிலி வந்தது, சில்லு சிறுத்தது, இருக்கை நிலத்தை நோக்கி இறங்கியது. கொவன்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி 1885இல் வெளியிட்ட 'ரோவர்' சைக்கிளே இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் நேர் மூதாதை. பெண்களும் முதியோரும் தொழிலாளரும் அதன்பின்னரே சைக்கிளில் ஏறினர். 1894இல் பேர்மிங்காம் நகரில் 'கிளாரியன்' என்ற சோசலிசப் பத்திரிகையின் வாசகர்கள் சைக்கிட் கழகமொன்றை அமைத்து, கிராமங்கள்தோறும் சைக்கிளிற் சென்று தம் கருத்துகளைப் பரப்பினர். உயர்ந்தோர் மட்டும் ஏறக்கூடியதாயிருந்த ஒன்றை யாவரும் ஏறக்கூடியதாக மாற்றியதில் இந்த அரை அங்குலக் கண்ணிகளுக்கு உரிய பங்கு சிறிதன்று.

எமது பாட்டனார் காலத்து ஆசிரியர்கள் 'றலி' சைக்கிளிற் பாடசாலைக்கு வந்தார்கள். அது நொட்டிங்காம் நகரத்துத் தொழிற்சாலையில் உருவானது. அத்தொழிற்சாலையில் வேலைசெய்த அலன் சிலிற்றோ என்பவரே பின்னர் 1958இல், சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் நின்று, செய்த துண்டுகளின் எண்ணிக்கைக்குக் கூலிபெறும் இளைஞன் ஒருவனை நாயகனாக்கி நாவல் எழுதினார். வேட்டி மடிப்புக் கலையாமல் சைக்கிளில் வந்திறங்கிய எமது பழைய ஆசிரியர்களின் காலடியிலும் ஏதோ ஒரு தொழிலாளியின் நாள் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

இனி, சங்கிலி ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். "செயின் நீண்டு போச்சு" என்பது எம்மூர் வழக்கு. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் ஒருநாள் நாமும் அவ்வாறே கூறினோம். அவர் சிரித்தார். "மாஸ்ரர், செயின் ஒருநாளும் நீளாது. இரும்பு என்ன றப்பரே நீள? உள்ளுக்க ஆணி தேயுது. ஒவ்வொரு ஆணியும் மயிரிழை தேய்ஞ்சால், நூறு ஆணிக்கும் சேர்த்து நீண்டமாதிரிக் கிடக்கும்." பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் இலக்கணம் பயின்ற எமக்கு, சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியதில்லை.

தேய்வின் காரணத்தை அறிய, சங்கிலியின் உழைப்பை அறிதல் வேண்டும். முன்பற்சில்லில் 44 பற்களும் பின்பற்சில்லில் 18 பற்களும் உள்ள 28 அங்குலச் சில்லுச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் அது ஏறக்குறைய 18 அடி தூரம் செல்லும். நான்கு மைல் தூரத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை ஒருவழிப் பயணத்தில் மிதியை 1,170 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அதற்குள் சங்கிலி 460 தடவையளவில் முழுவட்டம் வருகிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வோர் ஆணியும் முன்னே இருமுறை, பின்னே இருமுறை என நான்கு தடவை வளைந்து நிமிர்கிறது. காலையில் மணியடிக்கும் முன் ஏறத்தாழ 1,800 தடவை வளைந்து நிமிரும் உழைப்பாளிகள் நூற்றுக்கு மேற்பட்டோரை ஒவ்வொரு பிள்ளையும் தன் காலடியில் வைத்திருக்கிறது.

இவ்வளவு வேலையையும் அச்சங்கிலி மிகச் சிக்கனமாகவே செய்கிறது. 1999இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட அளவீட்டில், மிதிக்குக் கொடுத்த வலுவில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் பின்சில்லைச் சென்றடையக்கூடும் என்று கண்டனர். ஆனால் அது தூசற்ற ஆய்வுகூடம். எமது ஊர் ஒழுங்கைகளோ செம்மண்ணாலும் மணலாலும் ஆனவை. கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். எண்ணெயில் ஒட்டிய நுண்மணல் ஆணிக்கும் குழாய்க்கும் இடையே புகுந்து, கத்தி தீட்டும் கல்லின் வேலையைச் செய்கிறது. வெளியே தெரியும் அழுக்கைவிட, உள்ளே சென்று மறைந்திருக்கும் இந்த அழுக்கே ஆபத்தானது. மேலே மேலே எண்ணெய் வார்ப்பதால் அது போவதில்லை. எண்ணெயோடு சேர்ந்து இன்னும் உள்ளே செல்கிறது. கழற்றிக் கழுவுவதன் அவசியம் இதுதான்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை எமது வீட்டு முற்றத்தில் இரண்டு சைக்கிள்களின் சங்கிலிகள் கழற்றப்பட்டன. ஒன்று எமது தமக்கையின் மகளுடையது. மற்றையது அயலிலுள்ள பையன் ஒருவனுடையது. அவன் எமது பாடசாலையிற் பத்தாம் வகுப்பிற் படிப்பவன். அவனுடைய தந்தையார் மேசன்மாருக்கு உதவியாளாக நாட்கூலிக்குச் செல்பவர். சைக்கிள் உண்மையில் அவருடையதே. வேலை கிடைக்கும் நாட்களில் அதன் பின்கரியரில் சீமெந்துப் பை ஏறும். மணல் மூட்டை ஏறும். சில வேளை இரும்புக் கம்பிக்கட்டும் ஏறும். வேலையில்லாத நாட்களில் பையன் அதில் நான்கு மைல் ஓடிப் பாடசாலைக்கு வருவான். தந்தையார் அதனைக் கொண்டுசெல்லும் நாட்களில் அவன் எவருடைய சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு வருவான். அதுவும் வாய்க்காவிடின் வருவதில்லை. அவ்வாண்டின் இரண்டாந் தவணையில் சைக்கிள் இருந்த நாட்களிலும் அவன் பிந்தத் தொடங்கினான். சங்கிலி அடிக்கடி கழன்றது; மேட்டில் அழுத்தி மிதித்தால் பற்களின்மேல் துள்ளியது. ஒருநாள் பிரதான வீதியில் துள்ளியபோது, பின்னால் வந்த பஸ்ஸின் சாரதி விழிப்பாக இருந்தமையாலேயே உயிர் தப்பினான். "படிப்பு இனி என்னத்துக்கு, என்னோட வேலைக்கு வரட்டும்" என்று தந்தையார் சொல்லத் தொடங்கியிருந்தார். சில நூறு ஆணிகளின் தேய்வு ஒரு பிள்ளையின் கல்வியைத் தொட்டுவிட்டது.

செய்முறையைக் கூறுகிறோம், செய்யவிரும்புவோர் செய்க. சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி ஒன்று உண்டு. அதன் தகட்டின்மேல் மீன்வடிவிலான சிறு கிளிப் ஒன்று பதிந்திருக்கும். பின்சில்லின் நட்டுகளைச் சிறிது தளர்த்திச் சில்லை முன்னே தள்ளினால் சங்கிலி தொய்யும். கிளிப்பின் பிளந்த முனையையும் அருகிலுள்ள ஆணியையும் குறட்டாற் சேர்த்து மெல்ல நெருக்க, கிளிப் வழுகி வெளிவரும். வெளிவந்ததும் துள்ளியோடிப் புல்லுக்குள் மறைவது அதன் சுபாவம். ஆதலால் நிலத்தில் சாக்கு ஒன்றை விரித்துவைத்தல் நன்று. கழற்றிய சிறு பாகங்களைச் சிரட்டையொன்றில் இட்டுவைக்க வேண்டும்.

சங்கிலியை எடுத்தவுடன் எண்ணெயில் தோய்க்கக் கூடாது. முதலில் உலர்ந்த தூரிகையால், பழைய பல்தூரிகையாயினும் போதும், மேலுள்ள மண்ணைத் தட்டிவிடவேண்டும். பின்னர் தகரப் பேணியொன்றில் மண்ணெண்ணெய் வார்த்து அதில் ஊறவிட்டு, ஒவ்வொரு கண்ணியாக வளைத்து நிமிர்த்தித் தேய்க்க வேண்டும். வளைக்கும்போதுதான் உள்ளிருக்கும் அழுக்கு வெளிவரும். முதல் மண்ணெண்ணெய் கறுத்ததும் அதனை எடுத்துவைத்துவிட்டு, புதிதாகச் சிறிதளவில் இரண்டாந் தரம் கழுவவேண்டும். அதன்பின் வெயிலிலே கொடியில் தொங்கவிட்டு நன்கு காயவிட வேண்டும். அவ்வேளையில் பற்சில்லுகளின் பல்லிடுக்குகளைச் சீலைத்துண்டால் துடைத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய்ப் பேணியின் அருகில் நெருப்பு இருக்கலாகாது. கையில் நெடுநேரம் படவும் விடலாகாது, தோல் வெடிக்கும்.

மண்ணெண்ணெயை நாம் சிக்கனமாகவே பயன்படுத்தினோம். 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேநாளில் உயர்த்தப்பட்டதைக் குப்பிவிளக்குக் குடும்பங்களும் கடற்றொழிலாளரும் மறக்கமாட்டார்கள். கறுத்த எண்ணெயைப் போத்தலில் மூடிவைத்தால் இரண்டொரு நாளில் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அடியிலுள்ளதைக் கிணற்றடியில் ஊற்றுதல் பெருந்தவறு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாலானது. மேலே ஊற்றியது கீழுள்ள நீரை எளிதிற் சென்றடையும். 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்திருப்பதாகக் கூறி மக்கள் வீதிக்கு வந்ததை நாடறியும். பெரிய இடத்திலிருந்து வரும் கழிவுக்கு எதிராகக் குரல் எழுப்பும் நாம், எமது சிறிய பேணியையும் கவனித்துக்கொள்ளல் தகும்.

இவ்வேலை நடந்துகொண்டிருக்கையில் எமது தாயார் விறாந்தைக்கு வந்தார். பேர்த்தியின் கைகளைக் கண்டு திடுக்குற்றார். "குமர்ப்பிள்ளை, கையெல்லாம் கறுப்பு ஒயில்! தம்பி, உனக்கும் வேற வேலையில்லை. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில பிள்ளையை என்ன சொல்லுவினம்?" என்றார். மருமகள் தலையை நிமிர்த்தாமலே, "அம்மம்மா, சட்டியில கரி பிடிச்சால் நான்தானே கழுவுறன், அதுவும் கறுப்புத்தானே?" என்றாள். தாயார் சற்று நேரம் நின்றார். பின்னர் உள்ளே சென்று மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார். பெண்ணின் கையில் ஒட்டக்கூடிய கறுப்பு எது, ஒட்டக்கூடாத கறுப்பு எது என்பதை யார் வகுத்தார்கள்? எம்மூர்ப் பெண்பிள்ளைகள் இரண்டு தலைமுறையாகச் சைக்கிளில் ஏறிப் பாடசாலைக்கும் தொழிலுக்கும் செல்கின்றனர். ஆனால் சங்கிலி கழன்றதும் வழியோரத்தில் நின்று, ஆண்பிள்ளை எவனாவது வருகிறானா என்று பார்க்குமாறே அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். ஓட்டும் உரிமை கிடைத்தது. கழற்றும் உரிமை இன்னும் கிடைக்கவில்லை. இறுகிக்கிடந்த கண்ணியொன்றை அன்று முதலிற் கண்டுபிடித்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்து இளக்கியவள் அவளே.

காய்ந்த பின்னர் இரு சங்கிலிகளையும் அளந்தோம். தந்தையாரின் உருக்கு அளவுநாடாவைப் பையன் கொண்டுவந்திருந்தான். புதிய சங்கிலியாயின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் அச்சங்கிலியை மாற்றியாக வேண்டும். மருமகளின் சங்கிலி கிட்டத்தட்ட 12 அங்குலத்திலேயே நின்றது. மூடியின் கீழ் இருந்தமையால் மண் படவில்லை. ஒருத்தியின் எடையை மட்டுமே சுமந்தது. பையனுடையது 12 அங்குலத்தைத் தாண்டி மேலும் கால் அங்குலம் சென்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வாங்கப்பட்டவை. இரண்டும் அன்று ஒரே பேணியில் கழுவப்பட்டு ஒரேமாதிரிப் பளபளத்தன. ஆனால் ஒன்று இன்னும் பல்லாண்டு உழைக்கும், மற்றையது முடிந்துவிட்டது.

பையன் அளவுநாடாவைப் பார்த்துக்கொண்டே, "சேர், கழுவினாலும் சரிவராதோ?" என்று கேட்டான். சரிவராது என்றே கூறவேண்டியிருந்தது. கழுவுதல் இனிவரும் தேய்வைக் குறைக்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன இரும்பை மீட்டுத் தராது.

அவ்விடத்தில் நாம் நெடுநேரம் யோசித்தோம். "இவர்கள் தங்கள் பொருள்களைப் பேணத் தெரியாதவர்கள், அதனாலேதான் என்றும் இல்லாமையில் இருக்கிறார்கள்" என்ற பேச்சை ஆசிரியர் அறைகளிலும் கலியாண வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். துப்புரவும் சிக்கனமும் இருந்தால் வறுமை போய்விடும் என்பது வசதியுள்ளோர் வறியோருக்கு ஓதும் பழைய மந்திரம். அந்த இரண்டு சங்கிலிகளும் அருகருகே கிடந்து அப்பேச்சை மறுத்தன. ஒன்றைத் தேய்த்தது அசட்டை மட்டுமன்று. சீமெந்துப் பைகளும் மணல் மூட்டைகளுமே. எச்சங்கிலி எவ்வளவு சுமந்தது என்று கேளாமல், ஏன் தேய்ந்தது என்று கேட்பது நியாயமாகாது. மனிதர்களைப் பற்றியும் நாம் இவ்வாறே கேட்கப் பழகவேண்டும். வகுப்பின் பின்வாங்கில் தூங்கிவிழும் பிள்ளையைக் கண்டதும், அவன் விடியலில் எதைச் சுமந்துவிட்டு வந்தான் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

சந்திக் கடை அண்ணை சங்கிலியைக் கையில் எடுத்ததுமே தலையசைத்தார். "செயினை மட்டும் மாத்தினால் சரிவராது மாஸ்ரர். தேய்ஞ்ச செயின் பல்லையும் திண்டிருக்கும். புதுச் செயின் பழைய பல்லில துள்ளும். பிறீவீலும் மாத்தவேணும்" என்றார். தந்தையாரும் வந்திருந்தார். நாம் பணம் தர முன்வந்தபோது அவர் மறுத்தார். மூன்று வெள்ளிக்கிழமைகளில், கூலி கிடைத்ததும், கடைக்காரரிடம் பிரித்துப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்தார். எழுதிவைக்காத அந்தக் கடனில் ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியை நம்பியதைக் கண்டோம்.

அண்ணையிடம் நாம் ஒன்று கேட்டோம். எல்லாரும் வீட்டிலேயே சங்கிலியைக் கழுவத் தொடங்கினால் அவர் பிழைப்பு என்னாவது? அவர் கூறிய விடை எம்மைச் சிந்திக்கவைத்தது. "கழுவிக்கொண்டு வந்தால் எனக்கென்ன நட்டம்? சாமானுக்குத்தான் சனம் காசு தருவினம். கழுவின கைக்குத் தரமாட்டினம். சேறு பிடிச்ச செயினை அரைமணித்தியாலம் சுரண்டிப்போட்டு, ஒரு கிளிப் போட்டதுக்கு மட்டும் காசு வாங்குறன்" என்றார். அவருடைய விரல் நகங்களைப் பார்த்தோம். அவற்றின் ஓரங்களில் படிந்த கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாதது. பொருளுக்கு விலையுண்டு, பேணும் உழைப்புக்கு விலையில்லை என்ற இந்த வழக்கத்தை அவருடைய கடையில் மட்டுமன்றி அடுக்களையிலும் மருத்துவமனை விடுதியிலும் நகரத்துத் துப்புரவுப் பணியிலும் காண்கிறோம். எம் கையால் ஒரு தடவையேனும் சங்கிலியைக் கழுவிப் பார்த்தவர் அந்த அரைமணி நேரத்தின் பெறுமதியை அறிவார். அறிந்தவர் கூலி கொடுக்கும்போது பேரம் பேசமாட்டார்.

இதனை ஆசிரியர் அறையிற் கூறியபோது, "அதுக்குத்தானே கடை இருக்கு? பிள்ளையள் வாறது படிக்க" என்றார் நண்பர் ஒருவர். அது அவருடைய தனிக்கருத்தன்று. தொழிலைப் போற்றும் பாரதி பாட்டை வகுப்பில் உணர்ச்சியோடு கற்பித்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூள் தவிர வேறெதுவும் படாத கையோடு வீடு செல்வது எம்மிற் பலருடைய வழக்கம். கை கறுக்கும் தொழில் இன்ன சாதியாருக்கு, எழுத்து இன்னாருக்கு என்று வகுத்த சமூகத்தின் எச்சம் எமது பாடத்திட்டத்திலும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. ஊரிலுள்ள தொழிலைப் பாடசாலைக்குள் கொணர்வது அதன் நோக்கம். ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் பலர் அதனை இரண்டாந்தரப் படிப்பாகவே நோக்கினர். 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது, நல்லதே. ஆயினும், மற்றத் துறைகளுக்குப் புள்ளி போதாதவர்க்குரிய இடம் அது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. திட்டத்தை அரசு மாற்றலாம். கறுத்த கையைக் கண்டு முகஞ்சுளிக்கும் பழக்கத்தை நாமே மாற்றவேண்டும்.

சைக்கிளின் அருமையை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டை நகர்த்தியது சைக்கிளே. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணம் முழுவதும் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தின்மேல் மக்கள் சைக்கிளை ஓட்டவில்லை. அதில் முதியோரையும் மூட்டையையும் ஏற்றி உருட்டினார்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, கொழும்பில் மோட்டார் வாகனம் வைத்திருந்தோரும் சைக்கிள் தேடி அலைந்தனர். நெருக்கடி வந்தபோதெல்லாம் நினைக்கப்படுவதும், அது நீங்கியதும் சுவரோரம் சாத்தப்படுவதும் சைக்கிளின் விதி. உழைப்பாளியின் விதியும் பெரும்பாலும் அதுவே.

பூட்டும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பிளந்த முனை முன்னோக்கினால் ஏதேனும் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். சில்லைப் பின்னிழுத்து இறுக்கிய பின் சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்திப் பார்க்கையில், அரை அங்குலமளவு மேலும் கீழும் அசைய இடமிருத்தல் வேண்டும். அளவுக்குமீறி இறுக்கிய சங்கிலியும் விரைவில் தேயும். ஒவ்வோர் உருளையின்மேலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். சமையல் எண்ணெய் நாளடைவிற் பிசினாகும். வாகனங்களிலிருந்து வடித்த கழிவு ஒயிலில் இரும்புத்தூள் இருப்பதோடு அது தோலுக்கும் தீங்கானது. எண்ணெய் இட்டபின் மிதியைப் பின்னோக்கிச் சிலதடவை சுற்றிவிட்டு, வெளிப்புறத்தைச் சீலையால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருக்கவேண்டியது உள்ளே. வெளியே இருப்பது மண்ணை அழைக்கும்.

அப்பையன் இவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுகிறான். சைக்கிள் தந்தையாரிடம் செல்லும் நாட்களில் அவன் வரவு இன்னும் குறைவுதான். அதற்குச் சங்கிலி மருந்தன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு சைக்கிள், ஒரு கூலி என்ற நிலை மாறும்வரை அக்குறை தீராது. ஆயினும் பாடசாலைச் சைக்கிட் கொட்டகையில் மாதத்தின் முதற் சனிக்கிழமை காலை, குறடும் பேணியும் அளவுநாடாவுமாக இப்போது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகிறார்கள். பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். சந்திக் கடை அண்ணை வந்து கற்பிக்கிறார். அந்த ஒருமணி நேரத்துக்குரிய கூலியை நாம் சேர்த்துக் கொடுக்கிறோம். பிள்ளைகள் அவரையும் 'சேர்' என்றே அழைக்கிறார்கள். கடைக்கு வா என்று கூறிய நண்பரும் சென்ற மாதம் தமது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.